பிற அடையாளம்

எங்கள் நாய்களில் பாதியைக்
கொண்டுவந்து சேர்ப்பது காற்று.
அக்டோபரில் புந்தா அரேனாஸ் தெருமுனைகளில்
மனிதர்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
நாய்களுக்குக் கயிறு இல்லை.
தாழ்ப்பாள் ஒன்று படபடக்கும்,
கதவு போகும், பின்னாலேயே
அதைக் குரைத்துத் துரத்தியது போகும்.

காப்பகத்தில் என் வேலை தொலைபேசி.
படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
நிறம், பால், வயது, கழுத்துப்பட்டை,
பிற அடையாளம்.

யாரும் நிறத்தில் தொடங்குவதில்லை.
"சூப் கொதித்தால் தும்முவான்" என்கிறார் ஒருவர்.
"கறுப்புதான், ஆனால் வெயிலில் கறுப்பில்லை."
ஒரு சிறுவன் வெகுநேரம் மூச்சு மட்டும் விட்டான்;
பிறகு சொன்னான்:
"அதுக்கு என்னைத் தெரியும்."
எழுதிக்கொண்டேன்,
ஐந்தாம் கட்டத்தில்.

யானை தொலைத்தவர் பானைக்குள்ளும் கைவிட்டுத் துழாவுவார்.
பூனை தொலைத்த இஸ்மேனியா
திங்கள்தோறும் வந்து
நாய்க்கூண்டுகளையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.
நான் தடுப்பதில்லை.

நிபால்தோ பார்ரியா வந்தபோது
டீசல் வாடை அவருக்கு முன்பே உள்ளே வந்தது.
நண்டுப் படகில் ஐந்து வாரம் தெற்கே இருந்தவர்,
ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.
நாயை அக்காவிடம் விட்டிருந்தார்.
கடலில் இருப்பவனிடம்
ரேடியோவில் எப்படிச் சொல்வதென்று
அக்கா சொல்லாமலே இருந்துவிட்டாள்.

"பேர் துரோம்போ" என்றார்.
எங்கள் பேச்சில் அது பம்பரம்.
"வாலைத் துரத்திச் சுற்றுவான்,
வலப்பக்கமாக மட்டும்.
இடப்பக்கம் அவனுக்குத் தெரியாது."

என் பேனா நின்றது.
மூன்றாம் கூண்டு.
சோற்றுத் தட்டை வைக்கும்போதெல்லாம்
வலப்பக்கமாக மூன்று சுற்று.
பதினைந்து நாள் காத்திருப்பது எங்கள் விதி.
இருபது நாள் வைத்திருந்தோம்.
இருபத்தோராம் நாள்
யாஸ்னா மார்த்தினிச் கையெழுத்துப் போட்டாள்;
ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
அது போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

விதியைச் சொன்னேன்.
தலையசைத்தார், அலை உயரத்தைக் கேட்டுக்கொள்கிறவரைப் போல.
"சாப்பிடுகிறானா என்று மட்டும் கேளுங்கள்."

அவள் போனில் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் காலை, பணி முடிந்த சீருடையோடு,
நாயோடு வந்து நின்றாள்.
"இவன் பேர் செனட்டர்" என்றாள் என்னிடம்.
"வந்த அன்றே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.
அதற்குப் பிறகு ஒரு வேலையும் செய்யவில்லை."

செனட்டர் முற்றத்தில் மூக்கை உயர்த்தினான்.
டீசல்.
பிறகு நாங்கள் பார்த்தது
கூண்டில் நான் எண்ணிய மூன்று சுற்று அல்ல.
சரளைக்கல் தெறிக்க, காது பறக்க,
அந்த மனிதரின் பூட்ஸைச் சுற்றி,
விழுந்து, எழுந்து, மறுபடி.

யாஸ்னா வாரை என் கையில் கொடுத்தாள்,
அவர் கையில் அல்ல.
அவரும் அதை வாங்க நீட்டவில்லை.
காற்றில் தகரக்கூரை ஒன்று
யாருக்காகவோ தட்டிக்கொண்டே இருந்தது.

"நீ வீட்டில் இருப்பது எப்போது?" என்றார்.
"பகலில். தூங்குவேன்."
"அவனும் பகலில் தூங்குவான்" என்றவர்
கொஞ்சம் யோசித்து,
"நான் மறுபடி பதினெட்டாம் தேதி கிளம்புகிறேன்."

என் மேசையில், படிவத்தின் பின்பக்கம்
வாரங்களைக் கூட்டிக் கழித்தார்கள்.
இடையில் ஒருமுறை சத்தம் போட்டுக்கொண்டார்கள்,
கிறிஸ்துமஸ் யாருடையது என்று.
முன்பக்கம் உரிமையாளர் கட்டத்தில்
ஒரு பெயருக்குத்தான் இடம்.
எழுத்தைப் பொடியாக்கி
இரண்டையும் உள்ளே தள்ளினேன்.
நகராட்சி கேட்டால்
என் கையெழுத்து மோசம் என்பேன்.

இந்தத் திங்களும் இஸ்மேனியா வந்தார்.
சாம்பல் நிறம், பெண், பதினொரு வயது, பட்டை இல்லை.
வரிசையாக எல்லாக் கூண்டையும் பார்த்தார்.
மூன்றாவது கூண்டில் இன்னும் யாரும் இல்லை.
அதன் முன்னால்தான்
அதிக நேரம் நின்றார்.